கால்நடை நோயும் கறிக்கடைக் கூட்டமும்: இறைச்சித் தேவை ஏன், எப்படிக் குறைகிறது?

ஆலப்புழையில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது என்று மாலைச் செய்தியில் வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலம் அம்மாபேட்டையில் கறிக்கோழி வாங்க நிற்கும் வரிசை குறுகிவிடுகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் தொலைவு இருக்கிறது. அந்த வாத்துகள் சேலத்துக்கு வரப்போவதில்லை. இங்குள்ள கடைக் கூண்டில் இருக்கும் கோழிகள் பெரும்பாலும் ஆத்தூர், வாழப்பாடி, ராசிபுரம், நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் வளர்ந்தவை. ஆனாலும் விற்பனை குறைகிறது, விலையும் இறங்குகிறது. இதற்கு நேர்மாறாக, 2018 ஆகஸ்டில் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிப் பன்றிகள் பெருமளவில் அழிந்தபோது, பன்றிக்கறியின் விலை இறங்கவில்லை. 2019 நவம்பரில் அது முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது.

இரண்டுமே கால்நடை நோய்கள்தான். ஒன்று விலையை ஏன் இறக்குகிறது, மற்றொன்று ஏன் ஏற்றுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், நோய்க்கும் கறிக்கடைக்கும் உள்ள உறவின் பெரும்பகுதி விளங்கிவிடும். பொருளியல் படித்திராதவர்களுக்கும் விளங்கும்படி அதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

விலை மாறுவதும் மனம் மாறுவதும்

ஒரு குறிப்பிட்ட விலைக்கு மக்கள் எவ்வளவு வாங்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதையே பொருளியலில் தேவை என்கிறோம். ஒரு கறிக்கடையைக் கற்பனை செய்துகொள்வோம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. ஞாயிறு காலை பலகையில் சாக்பீஸால் ஒரு கிலோ 240 ரூபாய் என்று எழுதி வைக்கிறார்கள். வழக்கமான ஞாயிறுகளில் அந்த விலைக்கு 300 கிலோ கறி போகிறது. 220 என்று எழுதினால் 330 கிலோ போகும். 260 என்று எழுதினால் 270 கிலோதான் போகும். விலைக்கேற்ப வாங்கும் அளவு கூடுகிறது, குறைகிறது. ஆனால் கோழிக்கறியைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதில் எந்த மாற்றமும் இல்லை.

இப்போது நோய்ச் செய்தி வருகிறது. பலகையில் அதே 240 இருக்கிறது. ஆனால் 180 கிலோதான் போகிறது. கடைக்காரர் பதறிப்போய் 200 ஆகக் குறைக்கிறார். அப்போதும் 220 கிலோவுக்கு மேல் போகவில்லை. நாற்பது ரூபாய் குறைத்தும், முன்பு அதிக விலைக்கு விற்ற அளவைக்கூட எட்ட முடியவில்லை என்றால், எல்லா விலைகளிலும் வாங்கும் விருப்பமே குறைந்துவிட்டது என்று பொருள். தேவைக் கோடு இடப்பக்கம் நகர்வது என்று பாடநூல்கள் கூறுவது இதைத்தான்.

அதே கடைக்கு வேறொரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். பண்ணைகளில் வெள்ளைக் கழிச்சல் பரவிக் கோழிகள் செத்துவிட்டன. கடைக்கு வரும் வண்டியில் கால்வாசிக் கூண்டுகள் காலி. கடைக்காரர் 300 என்று எழுதுகிறார், 225 கிலோ போகிறது. இங்கும் விற்பனை குறைந்தது, ஆனால் விலை ஏறியது. மக்கள் கோழியை வெறுக்கவில்லை, கோழிதான் போதவில்லை. இது அளிப்பில், அதாவது சந்தைக்கு வரும் சரக்கின் அளவில், ஏற்பட்ட குறைவு.

ஆகவே, விற்பனை குறைந்ததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விற்பனையும் விலையும் சேர்ந்து இறங்கினால் பயம் முன்னால் நிற்கிறது. விற்பனை இறங்கி விலை ஏறினால் தட்டுப்பாடு முன்னால் நிற்கிறது. உண்மையான நோய்ப் பரவலில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதால், எது பெரியது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

பறவைக் காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2022 முதல் முட்டைக் கோழிப் பண்ணைகளில் அந்நோய் பரவி, கோடிக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. அங்கே மக்கள் முட்டையை ஒதுக்கவில்லை, முட்டைதான் கிடைக்கவில்லை. 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரிச் சில்லறை விலை 6.23 டாலரைத் தொட்டது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் கண்டறியப்பட்டபோது நடந்ததோ வேறு. அங்கே அழிக்கப்பட்ட கோழிகள் நாட்டின் மொத்தக் கோழிகளில் மிகச் சிறிய பங்கு. பயமோ நாடு முழுவதும் பரவியது. அதனால் நோயே எட்டிப் பார்க்காத நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் கூட விலை சரிந்தது. ஒரே நோய்தான் என்றாலும், ஓரிடத்தில் இழப்பு பெரிதாகவும் மற்றோரிடத்தில் அச்சம் பெரிதாகவும் இருந்தன.

அச்சம் எதைப் பார்த்து வருகிறது?

நோய் எவ்வளவு கொடியது என்பதற்கும் தேவை எவ்வளவு குறைகிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பிரிட்டனில் ஐந்தே ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1996 மார்ச் 20 அன்று, மாடுகளின் மூளையைச் சிதைக்கும் பித்தப் பசு நோய்க்கும் மனிதர்களின் மூளையைத் தாக்கும் ஒரு புதிய நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அந்நாட்டு சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டாரல் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு வந்த உடனேயே உள்நாட்டு மாட்டிறைச்சி விற்பனை சுமார் 40 விழுக்காடு சரிந்தது. 2001-ல் அதே நாட்டில் கோமாரி நோய் பரவியது. அறுபது லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டன, கிராமப்புறமே முடங்கியது. ஆனால் மக்கள் இறைச்சியைப் பெரிதாக ஒதுக்கவில்லை. கோமாரி மாட்டைத்தான் வாட்டும், தின்பவரை ஒன்றும் செய்யாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கால்நடை வளர்ப்போருக்கு எது பேரழிவு என்பதும், உண்பவருக்கு எது அச்சம் என்பதும் வெவ்வேறு கணக்குகள்.

நம் பக்கத்திலும் இந்த வேறுபாடு பொருந்தும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பன்றிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும், மனிதருக்கு வராது. ஆட்டுக்கொல்லி நோயும், 2022-ல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பெருமளவில் மாடுகளைப் பலிகொண்ட தோல் கழலை நோயும் அப்படியே. பறவைக் காய்ச்சல் இவற்றிலிருந்து வேறுபட்டது. அது மனிதருக்கு அரிதாகத் தொற்றக்கூடியது. இந்தியாவில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸின் தொற்றால் ஒருவர் இறந்தது 2021-ல் முதன்முறையாக உறுதி செய்யப்பட்டது. எனவே அச்சத்தை முழுக்க அறியாமை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. நோயுற்ற, செத்த கோழிகளைக் கையாளும்போதும், அறுத்து இறகு பறிக்கும்போதும், பச்சைக் கறியைத் தொட்ட கையை வாயில் வைக்கும்போதும்தான் ஆபத்து. கறியின் எல்லாப் பகுதியும் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டும்படி வெந்துவிட்டால் அந்த வைரஸ் அழிந்துவிடும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கொதிக்கும் குழம்பில் நெடுநேரம் வேகும் கறி அந்த வெப்பத்தைத் தாண்டியே நம் இலைக்கு வருகிறது.

ஆனால் கடைக்கு வருபவரைத் திருப்பி அனுப்புவது மருத்துவ உண்மை அன்று, அவருடைய நம்பிக்கை. இதற்கு 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களைவிடத் தெளிவான சான்று இல்லை. அப்போது கொரோனா கோழி வழியாகப் பரவுகிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதிகாரிகள் மறுத்தார்கள், கால்நடை மருத்துவர்கள் மறுத்தார்கள். ஆனாலும் நாடெங்கும் கறிக்கோழி விலையும் முட்டை விலையும் வீழ்ந்தன. ஆட்டுக்கறிக்கு மவுசு கூடியது. கோழிகளிடம் நோயே இல்லாத நிலையில், நோய் வந்தால் என்ன ஆகுமோ அத்தனையும் சந்தையில் நடந்தது.

இதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. தக்காளி அழுகியிருந்தால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். கறியில் வைரஸ் இருக்கிறதா என்பதை வாங்குபவரால் பார்த்தும் அறிய முடியாது, தின்றும் அறிய முடியாது. விற்பவருக்குத் தெரிந்ததும் வாங்குபவருக்குத் தெரிந்ததும் சமமாக இல்லாத சந்தையில், சந்தேகம் வந்துவிட்டால் நல்ல சரக்கும் கெட்ட சரக்கோடு சேர்த்தே ஒதுக்கப்படும். அந்த இடைவெளியை நம் ஊர்க் கடைகள் தமக்கே உரிய வழியில் நிரப்புகின்றன. கூண்டுக்கு முன்னால் நின்று, “அண்ணா, இது எந்தப் பண்ணைக் கோழிங்க? நோய் கீய் ஒண்ணும் இல்லையே?” என்று ஒரு பெண் கேட்கிறார். கடைக்காரர் கோழியின் இரண்டு இறக்கைகளையும் சேர்த்துப் பிடித்து வெளியே எடுத்து, “வாழப்பாடிக் கோழிங்கக்கா, கண்ணைப் பாருங்க, எப்படி முழிக்குதுன்னு” என்று காட்டுகிறார். தராசில் வைக்கிறார், கண்ணெதிரே அறுக்கிறார். நோய் இல்லை என்பதற்கு இது அறிவியல் சான்று ஆகாது. ஆனால் உயிரோடு துள்ளிய கோழி, பெயர் சொல்லக்கூடிய ஊர், பல ஆண்டுகளாகத் தெரிந்த முகம் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தப் பெண்ணின் ஐயத்தைத் தணிக்கின்றன. செய்தி பரவும் வாரங்களில் பழகிய கடைக்கு வாடிக்கையாளர் ஓரளவு தங்குவதும், சாலையோரத்துப் புதுக்கடை முதலில் காற்று வாங்குவதும் இதனால்தான்.

கோழியை விட்டவர்கள் எங்கே போகிறார்கள்?

ஒரு பண்டத்தை விட்டவர்கள் வேறொன்றை நாடுவதைப் பதிலீடு என்பார்கள். கோழியை விட்டவர்கள் எல்லோரும் ஆட்டுக்கறிக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தால் கணக்கு தப்பும். ஆட்டுக்கறியின் விலை கோழியைப் போலப் பல மடங்கு. ஞாயிறு தவறாமல் ஒரு கிலோ கோழி எடுக்கும் தறித் தொழிலாளியின் குடும்பம், அதே பணத்துக்குக் கால் கிலோ ஆட்டுக்கறி வாங்கி ஐந்து பேருக்குக் குழம்பு வைக்க முடியாது. அவர்களுக்கு மேட்டூர் அணை மீன் இருக்கிறது. அல்லது அந்த ஞாயிறு பருப்புக் குழம்போடு முடிகிறது. கையில் காசு இருப்பவர்களே ஆட்டுக்கடைக்குப் போகிறார்கள். அங்கே ஆடுகளின் எண்ணிக்கை ஒரே வாரத்தில் கூடிவிடாது என்பதால், கொஞ்சம் பேர் கூடுதலாக வந்தாலே விலை ஏறிவிடுகிறது.

வேறு சிலர் நாட்டுக்கோழிக்கு மாறுகிறார்கள். வீட்டு வாசலில் மேய்ந்த கோழிக்கு நோய் வராது என்ற எண்ணம் இதன் பின்னே இருக்கிறது. காட்டுப் பறவைகளும் நீர்ப்பறவைகளும் நெருங்கும் திறந்தவெளியில் மேயும் கோழிக்குப் பறவைக் காய்ச்சல் எளிதாகவே வரலாம் என்பதால், நோயியல் நோக்கில் இந்த எண்ணத்துக்கு வலுவில்லை. ஆனால் முன்பே சொன்னபடி, சந்தையை நடத்துவது நம்பிக்கைதான்.

ஏற்காட்டுக்கு மேலே போனால் தேவையின் இன்னொரு முகம் தெரியும். அங்குள்ள உணவகங்கள் வாங்கும் கோழியின் அளவை நிர்ணயிப்பது உள்ளூர் மக்களின் பசி அன்று. வார இறுதியில் மலையேறி வரும் பயணிகளின் விருப்பம். உணவு அட்டையில் பெப்பர் சிக்கனுக்குப் பதில் மீன் வறுவலையோ காளானையோ முன்னிறுத்த ஓர் உணவகத்துக்கு ஒரு நாள் போதும்; அதனால் செய்தி வந்ததும் அவர்களுடைய கொள்முதல் வீடுகளைவிட வேகமாகக் குறையும். அதே மலையில் சுற்றுலாத் தடத்திலிருந்து விலகிய சிற்றூர்களில், ஞாயிறு ஒரு நாள் மட்டும் ஒருவர் ஆடு அடித்துக் கூறுபோட்டுக் கொடுக்கும் இடத்தில், வாங்குபவர்களுக்கு அந்த ஆடு யாருடைய பட்டியில் நின்றது என்பது வரை தெரியும். அங்கே தொலைக்காட்சிச் செய்தி அவ்வளவு சுலபமாக உள்ளே நுழைவதில்லை.

அசையவே அசையாத தேவைகளும் உண்டு. முனியப்பனுக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டவர், ஆட்டுக்கு நோய் என்று கேள்விப்பட்டு அதற்குப் பதிலாக மீன் படைத்துவிட மாட்டார். நோயற்ற கிடாவைத் தேடி அலைந்து, கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவார். சத்துணவுத் திட்டத்தின் முட்டை இன்னொரு வகை. 2010 முதல் தமிழகப் பள்ளிகளில் வாரத்துக்கு ஐந்து முட்டை வழங்கப்படுகிறது. இது ஒப்பந்தப்படி நடக்கும் கொள்முதல் என்பதால், வதந்தியைக் கேட்டு அது நின்றுவிடுவதில்லை. நாமக்கல் முட்டைக்கு அது ஒரு முட்டுக்கொடுப்பு. ஆனால் 2020-ல் வதந்தியைத் தொடர்ந்து பொதுமுடக்கமும் வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, அந்த முட்டுக்கொடுப்பும் சேர்ந்தே விலகியது.

கடையில் குறைந்தது பண்ணையில் என்ன செய்கிறது?

பயிரை அறுவடை செய்யாமல் ஒரு வாரம் தள்ளிப்போடலாம், துணியை அலமாரியில் மடித்து வைக்கலாம். கோழியை அப்படி நிறுத்தி வைக்க முடியாது. ஏறத்தாழ நாற்பது நாளில் இரண்டு கிலோ எடையை எட்டும் கறிக்கோழி, அந்த நாளில் பண்ணையை விட்டுப் போயாக வேண்டும். போகாவிட்டால் தினமும் தீவனம் தின்னும். தின்னும் தீவனத்துக்கு ஏறும் எடையோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். மூன்று கிலோவை நெருங்கிய கோழியைச் சில்லறைக் கடைகள் விரும்புவதில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் பெருத்த கோழிகள் மூச்சிரைத்துச் சாகவும் செய்யும். முட்டைக் கோழியின் நிலைமை இன்னும் இக்கட்டானது. தேவை குறைந்துவிட்டது என்று அதனிடம் சொல்லி முட்டையிடுவதை நிறுத்த முடியாது. வாங்க ஆளில்லாவிட்டாலும் மறுநாள் காலை அட்டைகளில் முட்டை நிறைந்திருக்கும்.

அழியும் பண்டத்தை வைத்திருப்பவரால் பேரம் பேச முடியாது என்பதால், கடையில் ஏற்படும் சிறு சரிவும் பண்ணை விலையில் பெரும் சரிவாக மாறுகிறது. பண்ணை விலை உயிர்க்கோழிக்கு உரியது. தோல், இறகு, குடல் எல்லாம் போக அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கறியாகத் தேறும். அதற்கு மேல் வாடகை, கூலி, மின்சாரம், வண்டிச் செலவு ஆகியவை இருக்கின்றன. விற்பனை பாதியானாலும் இவை பாதியாவதில்லை. அதனால் பண்ணை விலை இறங்கும் அளவுக்குக் கடைப் பலகையில் விலை இறங்குவதில்லை. பண்ணையில் கோழி அடிமாட்டு விலைக்குப் போகிறதாமே, இங்கே ஏன் இன்னும் இந்த விலை என்று வாடிக்கையாளர் கேட்பதில் நியாயம் உண்டு. கடைக்காரரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லிவிடுவதில்தான் நியாயம் இல்லை. பலகை விலை போதிய அளவு இறங்காததால் புதிதாக வாங்க வருபவர்களும் குறைவு. அதனால் தேங்கிய கோழி இன்னும் தேங்குகிறது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கறிக்கோழி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்கள். குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் கொடுக்கும். கொட்டகை, தண்ணீர், உழைப்பு விவசாயியுடையவை. எடைக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கும். சந்தை விலை வீழ்ந்தால் முதல் அடி நிறுவனத்துக்கு என்பது உண்மைதான். ஆனால் கோழி பிடிக்க வண்டி வராமல் நாட்கள் தள்ளிப்போகும்போது, சாகும் கோழிகளால் கூலி குறைகிறது. அடுத்த தொகுதிக் குஞ்சு இறக்குவதைத் தாமதப்படுத்தும்போது, கொட்டகை காலியாகக் கிடக்கிறது. வங்கிக் கடன் தவணை காத்திருக்காது. குஞ்சு இறங்கவில்லை என்றால் தீவனமும் தேவையில்லை. ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கத்து மக்காச்சோள விவசாயிக்கும் அந்த அதிர்வு போய்ச் சேருகிறது.

இங்கேதான் எனக்கு மிகவும் வேதனை தரும் ஒன்று இருக்கிறது. பறவைக் காய்ச்சல் உறுதியானால், அந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பறவைகளை அழிப்பதும், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் அரசின் நடைமுறை. அழிக்கப்பட்ட பறவைகளுக்கு மத்திய, மாநில அரசுகள் இழப்பீடு தருகின்றன. நோய்க்கு இப்படி வட்டம் போட முடிகிறது. தேவைச் சரிவுக்குப் போட முடிவதில்லை. ஒரு கோழிகூட நோய்வாய்ப்படாத பண்ணையை வைத்திருந்து, விலைச் சரிவால் மட்டுமே நொடித்தவருக்கு அந்த இழப்பீட்டில் இடமில்லை. இந்தியப் பண்ணைகளைப் பொறுத்தவரை, எண்ணிக்கையில் மிகுதியானவர்கள் இந்த இரண்டாம் வகையினர்தான்.

சந்தையில் ஆட்டின் கதை

ஆட்டுக்கு நோய் வரும்போது நடப்பது வேறு மாதிரி. ஓர் ஊரில் ஆட்டுக்கொல்லி நோயோ நீலநாக்கு நோயோ பரவுகிறது என்று தெரிந்தால், பட்டியில் நல்ல ஆடு வைத்திருப்பவரும் அது சாவதற்குள் காசாக்கிவிட நினைப்பார். கொங்கணாபுரம் சனிச் சந்தைக்கோ வீரகனூர் சந்தைக்கோ வழக்கத்தைவிட அதிக ஆடுகள் வந்து சேரும். வாங்க வரும் வியாபாரிகளோ தயங்குவார்கள். நோய்ப்பட்ட ஆடு ஒன்று தம் மந்தையில் கலந்தாலும் எல்லாம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டும் சேர்ந்து சந்தையில் ஆட்டு விலையை அடித்துத் தள்ளும். அதே சனிக்கிழமை சேலம் நகரத்து ஆட்டுக்கறிக் கடையில் விலை மாறாமல் இருக்கலாம். அங்கே வாங்குபவருக்கு அந்த நோயின் பெயரே தெரியாது, அது அவரை ஒன்றும் செய்யாது.

இறைச்சித் தேவை என்று பேசும்போது, உண்பவரின் தேவையையும் வியாபாரியின் தேவையையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. உண்பவர் பயப்படுவது தன் உடலுக்காக. வியாபாரி பயப்படுவது தன் முதலுக்காக. மேச்சேரி செம்மறியும் சேலம் கருப்பு ஆடும் வளர்க்கும் சிறு விவசாயிக்கு, இரண்டாவது பயமே உடனடியாகச் சுடும். சந்தைகள் மூடப்பட்டால் அதுவும் தேவை இல்லாமல் போவதற்குச் சமம். வாங்க விரும்புபவர் இருந்தும் வாங்கும் இடம் இருக்காது. சில வாரங்கள் கழித்து, அவசரத்தில் விற்றுத்தீர்ந்த ஆடுகள் இல்லாததால் விலை திரும்ப ஏறும்போது, விற்றவரிடம் விற்க ஒன்றும் இருக்காது.

புரட்டாசியையும் நோயையும் குழப்பிக்கொள்ளக் கூடாது

நோயின் விளைவை அளக்க விரும்புபவர் நாட்காட்டியை மறக்கக் கூடாது. செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்ததும் ஏராளமான வீடுகளில் அசைவம் நிற்கும்; கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள்; கோடையில் உடம்புக்குச் சூடு என்று கோழியைக் குறைப்பார்கள். ஆடியில் மாரியம்மன் பண்டிகையிலும், தீபாவளியிலும், பொங்கலை ஒட்டிய கறிநாளிலும் விற்பனை கூடும். புரட்டாசி முதல் வாரத்தில் பறவைக் காய்ச்சல் செய்தி வந்து விற்பனை 30 விழுக்காடு குறைந்தால், அந்த முப்பதில் நோய்க்கு எவ்வளவு, பெருமாளுக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் விடை தவறாகவே வரும். முந்தைய ஆண்டுகளின் அதே தமிழ் மாதத்தோடு ஒப்பிட்டால்தான் ஓரளவு சரியாக வரும்.

2021 ஜனவரியில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. தமிழக எல்லைச் சோதனைச் சாவடிகளில் கெடுபிடி கூடியது. அது பொங்கல் நேரம். வழக்கமாக விற்பனை ஏற வேண்டிய நாட்களில் முந்தைய மாத அளவே நின்றாலும், வெறும் எண்ணைப் பார்ப்பவருக்குச் சரிவு ஒன்றும் தெரியாது. ஏற வேண்டியது ஏறாமல் போனதும் ஒரு சரிவுதான்.

தேவை எப்போது திரும்புகிறது?

பெரும்பாலான நேரங்களில் விரைவாகவே திரும்புகிறது. அமெரிக்க இறைச்சித் தேவையில் உணவுப் பாதுகாப்புச் செய்திகளின் தாக்கத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் பிகாட், மார்ஷ் ஆகியோர் 2004-ல் வெளியிட்ட முடிவு, அந்தத் தாக்கம் சராசரியாகச் சிறியது, நீடிக்காதது என்பதே. பெரிய அதிர்ச்சிகளில் அது கூர்மையாக இருக்கும், ஆனால் செய்தி ஓய்ந்ததும் பழைய பழக்கம் மெல்ல மேலெழும். நம் அனுபவமும் இதுவே. 2006-க்குப் பிறகு இந்தியாவில் எத்தனையோ முறை பறவைக் காய்ச்சல் வந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களிலும் வந்தது. இடையிடையே சரிந்தாலும் கோழிக்கறி உண்பவர்களின் எண்ணிக்கை இந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்தே வந்திருக்கிறது.

திரும்பாமல் நீடிக்கும் சரிவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் நோயைவிட நம்பிக்கைச் சேதமே இருக்கும். பிரிட்டனில் 1986-லேயே பித்தப் பசு நோய் அடையாளம் காணப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகள் மாட்டிறைச்சி முற்றிலும் பாதுகாப்பானது என்று அரசு சொல்லிக்கொண்டே இருந்தது. 1990-ல் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் தன் சிறுமகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் கொடுத்துக் காட்டினார். 1996-ல் உண்மை வேறாக இருக்கக்கூடும் என்று தெரிந்தபோது, மக்கள் நோயைக் கண்டு அஞ்சியதோடு, இனி யார் சொல்வதை நம்புவது என்றும் தெரியாமல் நின்றார்கள். “பயப்பட வேண்டாம்” என்ற வெற்று அறிவிப்பைவிட, நோய் எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை பறவைகள் அழிக்கப்பட்டன, எதைச் செய்தால் ஆபத்து, எதைச் செய்தால் இல்லை என்று துல்லியமாகச் சொல்வதே தேவையைக் காப்பாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்த ஊர் என்று சொல்லாவிட்டால், மக்கள் எல்லா ஊர்க் கோழியையும் ஒதுக்குவார்கள்.

ஏற்றுமதியில் இந்தத் துல்லியத்துக்கு ஒரு முறையே இருக்கிறது. ஒரு நாட்டில் எங்கோ ஓரிடத்தில் நோய் வந்தால் அந்த நாட்டுச் சரக்கு முழுவதையும் தடுப்பதற்குப் பதிலாக, நோய்க்கிருமி உள்ளே நுழையாதபடி கடுமையான உயிரிப் பாதுகாப்போடு இயங்கும் பண்ணைத் தொகுதிகளைத் தனியே நோயற்றவை என்று அறிவிக்க உலக விலங்கு சுகாதார அமைப்பு இடமளிக்கிறது. 2023-ல் தமிழகம் உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் இருக்கும் 26 தொகுதிகளுக்காக இந்தியா செய்த அத்தகைய அறிவிப்பை அந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டு வாங்குபவருக்கு இப்படி ஓர் ஆவணம் கிடைக்கிறது. அம்மாபேட்டையில் கேள்வி கேட்கும் பெண்ணுக்கு இன்றுவரை கடைக்காரரின் வாய்மொழிதான்.

சரிவு முடிந்துவிட்டதா என்று அறிய விரும்புபவர் பலகை விலையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பயம் உச்சத்தில் இருக்கும்போது குஞ்சு இறக்குவதைக் குறைப்பார்கள். முட்டை குஞ்சாக 21 நாள், குஞ்சு கறியாக ஏறத்தாழ 40 நாள் ஆகும் என்பதால், அந்தக் குறைப்பின் விளைவு சுமார் இரண்டு மாதம் கழித்தே கடைக்கு வரும். அதற்குள் பயம் ஓய்ந்திருக்கும். கோழியோ குறைவாக இருக்கும். விலை திடீரென்று ஏறும். மக்கள் பழையபடி வாங்குவதால்தான் விலை ஏறியது என்று அப்போது சொல்லத் தோன்றும். உண்மையில் விற்பனை இன்னும் பழைய அளவை எட்டாமல் இருக்கலாம். பண்ணைகளில் இறங்கும் குஞ்சுகளின் எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்து, அவை வளர்ந்து கடைக்கு வந்த பிறகும் விலை நிலைத்து நின்றால்தான் வாங்குபவர்கள் திரும்பிவிட்டார்கள் என்று பொருள்.